49 சதவீதத்துக்குள் ஒரு விமான நிறுவனம்: ஜெட்ஸ்டார் ஏசியா ஏன் வந்தது, ஏன் போனது

2025 ஜூன் 11 அன்று ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சிங்கப்பூரிலிருந்து இயங்கிவந்த மலிவுக் கட்டண விமான நிறுவனமான ஜெட்ஸ்டார் ஏசியா ஜூலை 31-ஆம் தேதியோடு மூடப்படும் என்பதுதான் அது. 13 விமானங்கள், 16 வழித்தடங்கள், 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள், இருபது வருடச் சேவை. எல்லாவற்றையும் ஏழே வாரத்தில் சுருட்டிக் கட்டிவிட்டார்கள்.

செலவு ஏறிவிட்டது, விமான நிலையக் கட்டணம் கூடிவிட்டது, போட்டி தாங்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது, அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காகிதப்படி ஜெட்ஸ்டார் ஏசியா ஒரு சிங்கப்பூர் நிறுவனம். பறக்கும் உரிமம் கொடுத்தது சிங்கப்பூர் அரசு. பங்குகளில் 51 சதவீதம் வெஸ்ட்புரூக் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற சிங்கப்பூர் நிறுவனத்திடம் இருந்தது, குவாண்டாஸிடம் 49தான். பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்தவரின் பெயர் அந்த வாரச் செய்திகளில் எங்கோ ஒரு மூலையில் வந்தது. நஷ்டக் கணக்கு சொன்னதும், விமானங்கள் இனி எங்கே போகும் என்று சொன்னதும் சிட்னியில் இருக்கும் சிறுபான்மைப் பங்குதாரர்.

பத்திரம் ஒருவர் பெயரில், சாவி இன்னொருவர் கையில். இந்த வகை விமான நிறுவனங்கள் பிறப்பதே இப்படித்தான். போவதும் பெரும்பாலும் இதனால்தான் என்பது என் எண்ணம்.

இந்தச் சுற்றுவழி எதற்கு? குவாண்டாஸ் தன் பெயரிலேயே சாங்கி விமான நிலையத்தில் நாலு விமானத்தை நிறுத்திவைத்து பாங்காக்குக்கும் பினாங்குக்கும் ஓட்டியிருக்கலாமே என்று தோன்றும். முடியாது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டின் வான்வெளியும் அந்நாட்டுக்கே முழுச் சொந்தம் என்கிறது. ஆகவே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வது, அந்த இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின்படி நடக்கும் காரியம். வாரத்துக்கு எத்தனை விமானம், எந்தெந்த ஊர், யார் ஓட்டலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் இடையே ஓட்டுகிற உரிமை சிங்கப்பூர் நிறுவனத்துக்கும் தாய்லாந்து நிறுவனத்துக்கும்தான். சிட்னியில் கிளம்பி சிங்கப்பூரில் இறங்கி, அங்கிருந்து மேலே போகிற விமானத்தில் ஆளேற்றும் உரிமை சில சமயம் மூன்றாம் நாட்டவருக்குக் கிடைக்கும். சொந்த நாட்டைத் தொடாமலேயே வேறு இரண்டு நாடுகளுக்கு இடையில் ஓட்டிக்கொண்டிருக்கும் உரிமை மிக அபூர்வம். விமானத் துறையில் இந்த உரிமைகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள்; அது ஏழாவது.

அடுத்த கேள்வி, எது சிங்கப்பூர் நிறுவனம்? இந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு வாசகம் இருக்கும்: நிறுவனத்தின் கணிசமான உடைமையும் உண்மையான கட்டுப்பாடும் அந்த நாட்டின் கையில், அல்லது அந்நாட்டுக் குடிமக்களின் கையில் இருக்க வேண்டும். கார் தொழிற்சாலையை வெளிநாட்டுக்காரர் முழுசாக வாங்கலாம், செல்போன் கம்பெனியை வாங்கலாம். விமான நிறுவனத்தை மட்டும் பாதிக்கு மேல் வாங்கினால், அது அந்த நாட்டு நிறுவனம் என்ற தகுதியையே மற்ற நாடுகள் கேள்வி கேட்கலாம். அதனால்தான் ஆசியா முழுக்க 49, 49 என்று ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது.

இதில் குவாண்டாஸ் பரிதாபத்துக்குரிய கட்சி இல்லை. அதே வேலிதான் அதன் சொந்த வீட்டையும் காக்கிறது. 1992-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய குவாண்டாஸ் விற்பனைச் சட்டப்படி அதில் வெளிநாட்டவர் மொத்தமாக 49 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தனி ஒரு வெளிநாட்டவர் 25-க்கு மேல் கூடாது என்றும் முன்பு இருந்தது. வெளிநாட்டு விமான நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து 35-க்கு மேல் கூடாது என்றும் இருந்தது; இந்த இரண்டு உள்வரம்புகளும் 2014-இல் நீக்கப்பட்டன, 49 மட்டும் நின்றது. ஆஸ்திரேலியாவில் தன்னை யாரும் விழுங்க முடியாதபடி பாதுகாக்கும் விதியை, ஆசியாவில் எப்படித் தாண்டுவது என்று யோசித்து யோசித்து குவாண்டாஸ் கட்டிய வீடுகளில் ஒன்றுதான் ஜெட்ஸ்டார் ஏசியா.

2004 அதற்குச் சரியான வருடமாகத் தெரிந்திருக்கும். விர்ஜின் புளூ என்ற போட்டி நிறுவனத்தின் மலிவு டிக்கெட்டுகளைச் சமாளிக்க, ஆஸ்திரேலியாவுக்குள் அந்த ஆண்டு மே மாதம் ஜெட்ஸ்டாரைத் தொடங்கியிருந்தது குவாண்டாஸ். அதே நேரத்தில் சிங்கப்பூரிலும் புதுப்புது நிறுவனங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் முன்னாள் நிர்வாக இயக்குநர் லிம் சின் பெங் தொடங்கிய வாலுஏர் மே மாதம் பறந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸே 49 சதவீதம் போட்டுத் தொடங்கிய டைகர் ஏர்வேஸ் செப்டம்பரில் பறந்தது. ஜெட்ஸ்டார் ஏசியா டிசம்பர் 13 அன்று ஹாங்காங்குக்கு முதல் விமானத்தை அனுப்பியது. சுமார் 40 லட்சம் பேர் வாழ்ந்த ஒரு நகரத்தில், உள்நாட்டு வழித்தடம் என்று ஒன்றுகூட இல்லாத ஒரு நாட்டில், ஒரே வருடத்தில் மூன்று பட்ஜெட் நிறுவனங்கள்.

ஜெட்ஸ்டார் ஏசியாவின் முதல் பங்குப் பட்டியலைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். குவாண்டாஸுக்கு 49, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்குக்கு 19, மீதி இரண்டு சிங்கப்பூர்த் தொழிலதிபர்களுக்கு. இதே டெமாசெக்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பெரும்பங்குதாரர். டைகரிலும் அதற்கு நேரடியாக 11 சதவீதம் இருந்தது. எந்தக் குதிரை ஜெயித்தாலும் சரி என்று மூன்றிலும் பணம் கட்டியிருந்தார்கள்.

உரிமம் வாங்கிவிட்டால் பறந்துவிடலாம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. எதிர்ப்பக்க நாடும் இடம் கொடுக்க வேண்டும். 2005-இல் இந்தோனேசியா, தன் பெரிய நகரங்களுக்கு வெளிநாட்டு மலிவுக் கட்டண நிறுவனங்கள் வருவதற்குத் தடை போட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஜெட்ஸ்டார் ஏசியாவும் வாலுஏரும் இணைந்தன. வாலுஏர் சாப்பாடும் லக்கேஜும் டிக்கெட்டிலேயே சேர்த்துக் கொடுத்த நிறுவனம். அதனால் இந்தோனேசியாவின் தடைக்குள் அது வரவில்லை. இணைப்புக்குப் பிறகும் அந்தப் பெயரை விடாமல் வைத்திருந்து, இந்தோனேசிய வழித்தடங்களை மட்டும் வாலுஏர் என்றே ஓட்டினார்கள். 2014 அக்டோபரில்தான் அந்தப் பெயர் ஓய்ந்தது. ஒரே நிர்வாகம், ஒரே அலுவலகம், ஜகார்த்தாவுக்குப் போகும்போது மட்டும் வேறு பெயர். ஒன்பது வருடம் இப்படி.

இந்த வியாபாரத்தின் கணக்கு எளிமையானது, ஆனால் இடைவெளி ரொம்பக் குறைவு. ஏர்பஸ் ஏ320 என்ற ஒரே வகை விமானம். அதில் 180 இருக்கை. ஒரே வகை என்பதால் பைலட்டுகளுக்கு ஒரே பயிற்சி, பழுதுபார்க்க ஒரே மாதிரி உதிரி பாகம். இறங்கிய விமானம் அரைமணியில், முக்கால் மணியில் திரும்பக் கிளம்ப வேண்டும், ஏனென்றால் நின்றுகொண்டிருக்கும் விமானத்துக்கும் லீஸ் வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். டிக்கெட் விலை கிட்டத்தட்ட அடக்க விலை. லாபம் லக்கேஜ், இருக்கைத் தேர்வு, சாப்பாடு என்று மேலே விற்பதில் வர வேண்டும். சுற்றிலும் நாலைந்து மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்கள் இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு அது கிடைத்திருக்கிறது. மணிலா, பாங்காக், பாலி, கொழும்பு எல்லாம் அந்த வட்டத்துக்குள் வரும்.

சரி, எங்கே இடித்தது?

சாங்கியில் கிளம்பும் ஒரு பயணியின் டிக்கெட்டைப் பிரித்துப் பார்க்கலாம். 2024 ஏப்ரல் முதல் அதில் விமான நிலையம் சார்ந்த கட்டணம் 65.20 சிங்கப்பூர் டாலர். பயணிச் சேவை மற்றும் பாதுகாப்புக்கு 46.40, விமான நிலைய மேம்பாட்டுக்கு 10.80, விமானப் போக்குவரத்துத் தீர்வையாக 8. இது லண்டனுக்குப் போகிறவருக்கும் 65.20தான், ஒன்றரை மணி நேரத்துக்குள் பினாங்கில் இறங்குகிறவருக்கும் 65.20தான். ஆயிரம் டாலர் டிக்கெட்டில் இது தெரியாது. எண்பது டாலருக்கு ஒரு வார இறுதி டிக்கெட் விற்க நினைக்கிற நிறுவனத்துக்கு, பயணி கொடுக்கும் காசில் பெரும்பகுதி தன் கைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது என்று அர்த்தம். கோலாலம்பூரில் ஆசியான் நாடுகளுக்குக் கிளம்பும் பயணியின் சேவைக் கட்டணம் பல ஆண்டுகளாக 35 ரிங்கிட், சிங்கப்பூர்க் காசில் பத்துப் பதினொரு டாலர். ஏர்ஏசியா அங்கே வளர்ந்ததற்கும் ஜெட்ஸ்டார் ஏசியா இங்கே திணறியதற்கும் இந்த ஒரு வித்தியாசமே பாதிக் காரணம் என்று வாதாட ஆள் உண்டு. எனக்கு அது பாதி என்று தோன்றவில்லை, ஆனால் சின்னப் பங்கும் இல்லை.

இனிமேலும் ஏறும் என்பது தெரிந்தே இருந்தது. 2024 நவம்பரில் சாங்கி அறிவித்த திட்டப்படி, பயணியின் கட்டணம் படிப்படியாக உயர்ந்து 2030-இல் 79.20 டாலர் ஆகும். விமானம் இறங்க, நிற்க, ஏறுபாலம் பயன்படுத்த நிறுவனங்கள் கட்டும் தொகை அதே காலத்தில் 40 சதவீதம் உயரும். முனையங்களைப் புதுப்பிக்க 300 கோடி டாலர் செலவிடுகிறோம் என்றது விமான நிலையம். சாங்கியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அதன் வருமானம் பெரிய நிறுவனங்களிடமிருந்தும் நெடுந்தூரப் பயணிகளிடமிருந்தும் வருகிறது; அவர்கள் கேட்பது அருவியும் தோட்டமும் வேகமான குடியேற்றச் சோதனையும். பட்ஜெட் பயணி கேட்பது மலிவான ஒரு கொட்டகை. அப்படி ஒன்று 2006-இல் சாங்கியில் கட்டவும் செய்தார்கள், பட்ஜெட் டெர்மினல் என்றே பெயர். டைகர் அங்கே போனது, ஜெட்ஸ்டார் ஏசியா போகவில்லை. 2012-இல் அதை இடித்துவிட்டு அந்த இடத்தில்தான் நான்காம் முனையம் எழும்பியது.

ஜெட்ஸ்டார் ஏன் கொட்டகைக்குப் போகவில்லை என்பதில் இந்த நிறுவனத்தின் குணம் தெரிகிறது. குவாண்டாஸ் விமானங்கள் வந்து இறங்குவது முதலாம் முனையத்தில். ஆஸ்திரேலியாவிலிருந்து பெரிய விமானத்தில் வரும் பயணியை இறக்கி, சின்ன விமானத்தில் ஏற்றி, ஆசியாவின் சிற்றூர்களுக்குக் கொண்டுபோவது ஜெட்ஸ்டார் ஏசியாவின் வேலைகளில் ஒன்று. மற்ற வெளிநாட்டு நிறுவனங்களோடும் அப்படி ஏற்பாடுகள் இருந்தன. தாய் நிறுவனத்தின் பக்கத்திலேயே இருந்தால்தான் அது நடக்கும். 2022 ஜூலையில், ஜெட்ஸ்டார் நான்காம் முனையத்துக்கு மாறுகிறது என்று சாங்கி அறிவித்தபோது, நாங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லையே என்று நிறுவனம் வெளிப்படையாகவே மறுத்தது. சிங்கப்பூரில் ஒரு நிறுவனமும் விமான நிலையமும் பத்திரிகைகள் வழியாக இப்படி மோதிக்கொள்வது அடிக்கடி நடப்பதல்ல. நான்காம் முனையம் மற்ற மூன்றோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. ரயில் கிடையாது, பஸ்ஸில்தான் போக வேண்டும். 2023 மார்ச் 22 அன்று ஜெட்ஸ்டார் அங்கே குடிபெயர்ந்தது. வந்திறங்கும் பயணியை வாங்கி ஏற்றிக்கொள்ளும் சின்ன நிறுவனத்துக்கு அந்த பஸ் பயணம் எவ்வளவு பெரிய தூரம் என்பதை இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்கள் அறிவார்கள்.

சாங்கியிலிருந்து கிளம்பிய 16 வழித்தடங்களில் பாங்காக், கோலாலம்பூர், மணிலா போன்றவற்றில் நாலைந்து நிறுவனங்கள் ஏற்கெனவே மோதிக்கொண்டிருந்தன. வேறு யாரும் போகாத ஊர்கள் என்று நாலுதான்: இந்தோனேசியாவின் லாபுவான் பாஜோ, ஜப்பானின் ஓகினாவா, சீனாவின் வூஷி, மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம். எதிரில் இருந்த ஸ்கூட் என்ற மலிவுக் கட்டண நிறுவனத்துக்கோ சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற தாய் நிறுவனம் அதே ஊரில், அதே விமான நிலையத்தில். டைகர் 2017-இல் ஸ்கூட்டோடு கலந்தபிறகு அந்தக் குழுமம் இன்னும் பலமாகிவிட்டது. தாய்வீடு ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிள்ளைக்கும் பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளைக்கும் போட்டி சமமாக இருக்காது.

அப்புறம் பணம். 2024-இல் சாங்கி வழியே 6.77 கோடிப் பயணிகள் போய்வந்தார்கள்; அதில் ஜெட்ஸ்டார் ஏசியாவின் பங்கு 23 லட்சம். 2025-இல் முடிந்த நிதியாண்டில் நிறுவனத்தின் நஷ்டம், வட்டிக்கும் வரிக்கும் முன், 3.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் இருக்கும் என்று குவாண்டாஸ் சொன்னது. காலண்டர் வருடமும் நிதியாண்டும் ஒன்றல்ல, ஆனாலும் தோராயமாக வகுத்துப் பார்த்தால் ஒரு பயணிக்குப் பதினைந்து டாலர் கைநஷ்டம். சில சப்ளையர்களின் கட்டணம் 200 சதவீதம் வரை ஏறிவிட்டது என்றார் குவாண்டாஸ் தலைமைச் செயல் அதிகாரி வனெஸ்ஸா ஹட்சன்.

அந்த அறிவிப்பில் என் கண்ணை நிறுத்தியது நஷ்டக் கணக்கு இல்லை. இந்த மூடலால் 50 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை மூலதனம் விடுபடும், அதைப் புது விமானங்கள் வாங்கத் திருப்பிவிடுவோம் என்ற வரிதான். 13 விமானங்களும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வரும். அங்கே லீஸில் ஓடும் சில விமானங்களுக்குப் பதிலாக நிற்கும். 100-க்கும் மேற்பட்ட வேலைகள் அங்கே உருவாகும். மூடுவதற்கு ஆகும் ஒருமுறைச் செலவு 17.5 கோடி டாலர்.

இப்போது சிட்னியில் உட்கார்ந்திருக்கும் கணக்காளரின் இடத்திலிருந்து பாருங்கள். கையில் 13 விமானம். சிங்கப்பூரில் ஓட்டினால் ஒவ்வொரு வருடமும் நஷ்டம் வரலாம், நல்ல வருடத்தில் கொஞ்சம் லாபம் வரலாம். மெல்பர்னுக்கும் கோல்ட் கோஸ்ட்டுக்கும் இடையே ஓட்டினால், இரண்டே குழுமங்கள் பங்குபோட்டுக்கொள்ளும் உள்நாட்டுச் சந்தையில், உறுதியான லாபம். கொரோனாவுக்குப் பிறகு புது விமானம் கேட்டால் ஏர்பஸ்ஸும் போயிங்கும் வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்கின்றன. பழைய ஏ320-க்கே கிராக்கி. விமானம் என்பது இரவோடிரவாக வேறு நாட்டுக்குப் பறந்துபோய்விடக் கூடிய சொத்து. தொழிற்சாலையைப் போல அங்கேயே கிடக்காது. நஷ்டம் இல்லாமல் சுமாராக ஓடிக்கொண்டிருந்தாலும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே இருக்கும் என்று நினைக்கிறேன். கட்டண உயர்வு அதைச் சீக்கிரம் கொண்டுவந்தது.

உள்ளூர் நிறுவனமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நஷ்டம் வந்தால் கடன் வாங்கும், சம்பளத்தைக் குறைக்கும், வழித்தடத்தை மாற்றும், அரசிடம் கெஞ்சும். போவதற்கு வேறு இடம் இல்லாததால் பிழைக்கப் பார்க்கும். வெளிநாட்டுக் குழுமத்தின் கிளைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நியாயமாகச் சொன்னால் இதில் ஊழியர்களுக்கும் பயணிகளுக்கும் ஒரு நன்மையும் இருந்தது. குழுமத்தின் பணம் இருந்ததால் மூடல் ஒழுங்காக நடந்தது. டிக்கெட் வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திரும்ப என்று முதல் நாளே சொல்லப்பட்டது, வேலை இழந்தவர்களுக்கு இழப்பீடு வந்தது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் பைலட்டுகளையும் விமானப் பணியாளர்களையும் எடுத்துக்கொள்ள முன்வந்தது. சம்பளப் பாக்கியோடு ஒரே ராத்திரியில் நின்றுபோன கிங்ஃபிஷரையும் ஜெட் ஏர்வேஸையும் பார்த்த நமக்கு இது பெரிய விஷயமாகவே தெரியும்.

குவாண்டாஸின் மற்ற ஆசிய முயற்சிகளில் ஹாங்காங் கதை தனிச் சுவை. 2012-இல் சைனா ஈஸ்டர்ன் நிறுவனத்தோடு சேர்ந்து ஜெட்ஸ்டார் ஹாங்காங் அறிவிக்கப்பட்டது. ஷுன் டாக் என்ற உள்ளூர்க் குழுமமும் பிறகு சேர்ந்தது. விமானங்களை வாங்கி நிறுத்தியும் விட்டார்கள். ஹாங்காங்கின் அடிப்படைச் சட்டப்படி உரிமம் வேண்டுமானால் நிறுவனத்தின் முதன்மைத் தொழிலிடம் ஹாங்காங்காக இருக்க வேண்டும். உள்ளூர் விமான நிறுவனமான கேத்தே பசிபிக் கடுமையாக எதிர்த்தது. மூன்று வருட இழுபறிக்குப் பின் 2015 ஜூனில் உரிம ஆணையம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிறுவனத்தால் தன் முடிவுகளை ஹாங்காங்கில் இருந்தபடி சுயமாக எடுக்க முடியாது என்பதே அவர்கள் கண்ட குறை. பங்குச் சதவீதத்தை எண்ணிப் பார்ப்பதோடு நிற்காமல், சாவி யார் கையில் என்று கேட்டுவிட்டார்கள். ஒரு விமானம்கூடப் பயணியோடு பறக்காமலே அந்த நிறுவனம் முடிந்தது. சிங்கப்பூர் அந்தக் கேள்வியை அவ்வளவு அழுத்திக் கேட்கவில்லை. விமானங்கள் வந்துபோனால் போதும் என்பது அந்த ஊரின் வழி. வியட்நாமில் ஜெட்ஸ்டார் பசிபிக்கில் 30 சதவீதம் வரை வைத்திருந்து 2020-இல் விலகியது குவாண்டாஸ்.

எதிர்த்திசையிலும் இதே கதை நடந்திருக்கிறது. சிங்கப்பூரின் டைகர் 2007-இல் ஆஸ்திரேலியாவுக்குள் போய் உள்நாட்டுச் சேவை தொடங்கியது. ஆஸ்திரேலியா உள்நாட்டு விமான நிறுவனத்தை வெளிநாட்டவர் முழுசாக வைத்திருக்க அனுமதிக்கும் நாடு என்பதால் 49 பிரச்சினை அங்கே இல்லை. ஆனால் 2011 ஜூலையில் பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு எல்லா விமானங்களையும் தரையிறக்கியது. அதன் பிறகு மறுபடி பறந்தாலும் சரியாக எழுந்திருக்கவில்லை. முதலில் 60 சதவீதத்தை விர்ஜின் ஆஸ்திரேலியா வாங்கியது. மீதி 40 சதவீதம் 2014-இல் ஒரே ஒரு டாலருக்குக் கைமாறியது.

நம் பக்கத்து உதாரணத்துக்கு வருவோம். 2012 செப்டம்பரில் இந்திய விமான நிறுவனங்களில் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் 49 சதவீதம் வரை முதலீடு செய்யலாம் என்று கதவு திறந்ததும், மலேசியாவின் ஏர்ஏசியா டாடாவோடு சேர்ந்து வந்தது. ஏர்ஏசியாவுக்கு 49, டாடா சன்ஸுக்கு 30, டெலஸ்ட்ரா என்ற நிறுவனத்துக்கு 21. தொடங்கியபோது ஏர்ஏசியா இந்தியாவின் தலைமையகம் சென்னைதான். 2014 ஜூன் 12 அன்று முதல் விமானம் பெங்களூரிலிருந்து கோவாவுக்குப் போனது, பிறகு தலைமையகமும் பெங்களூருக்கே நகர்ந்துவிட்டது. இங்கே இந்திய விதி ஒன்று குறுக்கே நின்றது: ஐந்து வருட அனுபவமும் 20 விமானமும் இருந்தால்தான் வெளிநாட்டுக்குப் பறக்கலாம். 2016-இல் ஐந்து வருடக் கணக்கு நீக்கப்பட்டது, 20 விமானம் என்பது நின்றது. ஆக, மலேசியத் தாய் நிறுவனம் திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 2008 முதல் சர்வசாதாரணமாக ஓட்டிக்கொண்டிருக்க, இந்தியப் பிள்ளை வெளிநாட்டு வாசலைத் தாண்ட முடியாமல் உள்ளூரில் இண்டிகோவோடு மல்லுக்கட்டியது.

கட்டுப்பாடு உண்மையில் கோலாலம்பூரில் இருக்கிறது என்ற குற்றச்சாட்டு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. ஐந்து வருட, 20 விமான விதியைத் தளர்த்த முறைகேடாக முயன்றதாக 2018-இல் சிபிஐ வழக்கும் பதிவானது. நிறுவனம் அதை மறுத்தது. கொரோனாவில் மலேசியத் தாய்க்கே மூச்சுமுட்டியபோது, 2020 டிசம்பரில் 32.67 சதவீதத்தை டாடாவிடம் கொடுத்தது, 2022-இல் மிச்சத்தையும் கொடுத்து வெளியேறியது. 2024 அக்டோபர் 1 முதல் அது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்குள் கரைந்துவிட்டது. இங்கே கிளை பிழைத்தது, காரணம் மீதிப் பாதி கையில் வைத்திருந்தவர் டாடா. ஜெட்ஸ்டார் ஏசியாவில் அப்படி ஏந்திக்கொள்ள ஆள் இல்லை. வெளிநாட்டுக் கூட்டாளி தேடும்போது பெரும்பாலும் உள்ளூர்க்காரர் பெயருக்குப் போதும் என்று நினைக்கிறார்கள். கஷ்டம் வரும்போது அவருக்கு விமானம் ஓட்டத் தெரியுமா, பணம் இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது.

உள்ளூர்க்காரர் திடீரென்று உள்ளூர்க்காரராக இல்லாமல் போவதும் உண்டு. ஏர்ஏசியாவின் தாய்லாந்துக் கிளையில் உள்ளூர்ப் பங்காளியாக இருந்தது ஷின் கார்ப்பரேஷன். 2006-இல் அந்த ஷின்னையே சிங்கப்பூரின் டெமாசெக் வாங்கிவிட்டது. ஒரே நாளில் ஒரு தாய்லாந்து விமான நிறுவனத்தின் பெரும்பகுதி மலேசியர், சிங்கப்பூரர் கையில் இருப்பதாக ஆகிவிட, அவசர அவசரமாகப் புதிய தாய்லாந்து நிறுவனம் ஒன்றை வைத்துப் பங்குகளை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

இதெல்லாம் பயணிக்கு எதற்கு என்று கேட்டால், கையில் இருக்கும் டிக்கெட்டைப் பார்க்கச் சொல்வேன். விமான எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளில் விஷயம் இருக்கிறது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போகும் சிவப்பு விமானத்தின் எண் ஏகே என்று தொடங்கும், அது மலேசிய நிறுவனம். சென்னையிலிருந்து பாங்காக் போகும் அதே சிவப்பு விமானத்தின் எண் எஃப்டி, அது தாய்லாந்து நிறுவனம். இணையதளம் ஒன்று, செயலி ஒன்று, சட்டப்படி இரண்டு தனித்தனிக் கம்பெனிகள். ஜெட்ஸ்டாரிலும் அப்படித்தான்: ஜேக்யூ ஆஸ்திரேலிய நிறுவனம், 3கே சிங்கப்பூர் நிறுவனமாக இருந்தது. 2025 ஜூலைக்குப் பிறகும் சிங்கப்பூரில் ஜெட்ஸ்டார் பெயர் எழுதிய விமானம் இறங்குகிறதே என்று குழம்பியவர்கள் பார்த்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ஜேக்யூ விமானங்களை. தாமதமானால் யாரிடம் கேட்பது, நிறுவனம் மூடினால் யாருடைய கடன் என்பதெல்லாம் வாலில் வரைந்த சின்னத்தை வைத்து முடிவாவதில்லை, அந்த இரண்டு எழுத்தை வைத்துத்தான். இரண்டு கிளைகளின் விமானங்களைச் சேர்த்து ஒரே பயணமாக வாங்குகிறவர்கள், நடுவில் ஒன்று ரத்தானால் மற்றதை மாற்றித் தருவார்களா என்பதை டிக்கெட் நிபந்தனைகளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. சிலவற்றில் உண்டு, சிலவற்றில் கிடையாது.